அடிவரியில் என் பேர்

எந்த நோட்டீஸை அடித்தாலும் அதன் அடியில் அச்சடித்தவன் பேரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது சட்டம்; தேர்தல் வந்துவிட்டால் அந்த அடிவரியால் நாம் படும் பாட்டை, அச்சுக்கூடம் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

காசிம் நானாவின் கவலை

பதுளைக் கடைவீதியில் என் அச்சுக்கூடத்துக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்தவர் காசிம் நானா. சட்டசபைக்கு நின்ற வக்கீல் ஒருவருக்காக நோட்டீஸ் அடிக்க வந்தார். அடித்துக் காட்டினேன். வக்கீல் பேரைப் பெரிய எழுத்தில் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், அடியில் பொடி எழுத்தில் இருந்த என் பேரைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டார். சட்டத்தை விளக்கினேன். இரக்கத்தோடு கேட்டார்: "வக்கீல் ஐயா தோத்துட்டா உங்க பேரும் சேர்ந்து தோத்துப்போகுமே, பரவாயில்லையா?"

சட்டையில் குத்தியது

அதே நானா தன் கடைப் பட்டுநாடாவைத் துண்டு போட்டுக் கொண்டுவந்தார், வக்கீலின் ஆட்கள் சட்டையில் குத்திக்கொள்ள. விரல் அகலம்தான். வக்கீல் பேர் அடித்த பிறகு என் பேருக்கு இடமில்லை. புதிதாக வந்த போலீஸ் சார்ஜன் ஒருவர் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு என்னையும் அரசாங்க ஆபீஸான கச்சேரிக்கு இழுத்துப்போனார். அச்சுக்கூடத்தை மூடிவிடுவார்களோ என்று வழியெல்லாம் அவரைக் கேட்டுக்கொண்டே போனேன்.

கச்சேரியில் இருந்த வயதான கிளார்க் சட்டப் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். சட்டையில் குத்தும் நாடா, பேர் அட்டை, கையால் எழுதிய கடிதம், இவற்றுக்கெல்லாம் விலக்கு உண்டாம். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகச் சார்ஜனைப் பார்த்தார். "சட்டையில இருக்கிறதுக்கெல்லாம் அடிவரி வேணும்னா, மொதல்ல உங்க பொத்தான்ல இருந்து ஆரம்பிக்கணும்."

செல்லம்மா

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் செல்லம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே வந்தாள். எப்படியோ எழுத்துப் படித்திருந்தாள். அவளுக்கு வோட்டு இல்லை. தோட்டத்தில் கங்காணிகள் சிலருக்கு மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வாங்கித் தருபவருக்கே வோட்டுப் போடுங்கள் என்று அவர்களுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம்.

அந்தத் தோட்டத்துத் துரையின் ஆபீஸ் வேலையும் நான்தான் செய்துவந்தேன். அது போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். "கையால எழுதிக் குடும்மா. அதுக்கு யார் பேரும் தேவையில்ல" என்று, கச்சேரியில் கற்ற பாடத்தைச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினாள். கடைசியில் தன் பேரையும் லயத்து வீட்டு நம்பரையும் போட்டாள்.

"துரை வேலையை விட்டு நிப்பாட்டிடுவாரேம்மா?"

"பேரு இல்லாத காகிதத்த அடுப்புல போட்டுருவாங்க. பேரு இருந்தா ஒருத்தராவது வந்து கேப்பாங்கல்லங்க?"

அவள் எழுதியதை அப்படியே அச்சுக் கோத்தேன். அவள் பேருக்குக் கீழே என் பேர்.

துரை அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். தானே எழுதியதாகச் சொன்னாள். கங்காணிகள் நாலு பேர் அவளோடு போய் நின்றதால் வேலை தப்பியது. தேர்தலில் வக்கீல் தோற்றார், ஆனால் தோட்டத்தில் ஒரு பழைய கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டார்கள். செல்லம்மா மறுபடி வந்தபோது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலி போட்டேன். அவள் உட்காரவில்லை. "கூரை ஒழுகுதுங்க. அடுத்த நோட்டீசுக்கும் பேரு போடுவீங்கல்ல?"

சட்டத்தில் உள்ள விலக்குகள் அத்தனையும் இப்போது எனக்கு மனப்பாடம். செல்லம்மா வாசலில் வந்து நின்றால் மட்டும் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வர மாட்டேன் என்கிறது.