எப்போதும் திறந்திருந்த கதவு

என் பெயரைப் பிழையில்லாமல் சொன்ன முதல் நோர்வேக்காரர் அவர்தான். நான் ஒஸ்லோவுக்கு வந்து அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வைத்தியசாலை, பிள்ளைகளின் பள்ளி என்று போன இடமெல்லாம் என் பெயரின் நடுவில் நிற்கும் ழகரத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். நானும் அவர்களுக்காகப் பெயரைப் பாதியாக வெட்டிக் கொடுக்கப் பழகியிருந்தேன். மாசி மாதத்து இருட்டுக் காலையொன்றில், வேலை தொடங்குவதற்கு முன், புதிய பொறுப்பாளர் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டி முழுப் பெயரையும் சொன்னார். எங்கள் வீட்டிலேயே சிலருக்கு வராத ழகரம் அவருக்கு வந்தது. "சரியாகச் சொன்னேனா? நேற்று வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தேன்" என்றார். நான் சிரித்தேன். கண் கலங்கியதும் உண்மை. அவர் அதையும் பார்த்தார். பார்த்ததை எடுத்து எங்கோ பத்திரமாக வைத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வேலையிடம் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலை. ஒஸ்லோவின் ட்வெய்ட்டா என்ற பகுதிக்குக் கீழே, பள்ளத்தாக்கில், லொறிகள் மட்டும் போய்வரும் ஒரு தெருவின் முடிவில் இருந்தது. வைத்தியசாலைகளின் அழுக்குத் துணிகள் ஒரு பக்கத்தால் உள்ளே போகும். தோய்ந்து, காய்ந்து, சூடான உருளைகளுக்கு நடுவே அழுந்தி, மடிந்து, மறுபக்கத்தால் வெளியே வரும். நான் மடிக்கும் பகுதியில் நின்றேன். என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில் நின்றாள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிரிக்கிற வேலைதான் ஆபத்தானது. படுக்கைவிரிப்பின் சுருக்கங்களுக்குள் இருந்து சில நேரம் கத்தரிக்கோல் வரும், கைபேசி வரும், பொய்ப்பல் வரும். சில நேரம் பாவித்த ஊசி வரும். கையுறை தடிப்பானதுதான், ஆனால் ஊசிக்கு அது ஒரு பொருட்டில்லை.

புதிய பொறுப்பாளருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஓய்வுக்குப் போகும் வயதில் இருந்த ஒரு நோர்வேஜியப் பெண். நாங்கள் எங்களுக்குள் அவரைப் பெரியம்மா என்போம். அவருடைய குரல் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுவார். பிழை விட்டால் எல்லோர் முன்னாலும் திட்டுவார். அரை மணித்தியாலத்தில் வந்து, ஒன்றும் நடக்காததுபோல, கோப்பி வேண்டுமா என்பார். நாங்களும் திருப்பிக் கத்துவோம். மச்சாள் நோர்வேஜிய மொழியை அவரோடு சண்டை பிடித்தே படித்தாள் என்று வீட்டில் பகிடி பண்ணுவோம். துணிக்குள் ஊசி வந்தால் போதும், பெரியம்மா அந்த வைத்தியசாலைக்கே தொலைபேசி எடுத்து, யார் அந்த விரிப்பைக் கட்டியது என்று கேட்டு வறுத்தெடுப்பார். நாங்கள் அவருடைய அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ரசிப்போம். அவர் போனபோது, இனி யாராவது நாகரிகமான ஆள் வந்தால் நல்லது என்று பேசிக்கொண்டோம்.

வந்தவர் நாகரிகமானவர். குரலை உயர்த்த மாட்டார். கதைக்கும்போது எங்கள் கண் உயரத்துக்குக் குனிவார். வெள்ளிக்கிழமைகளில் தன் கையால் வாஃபிள் சுட்டுத் தருவார். சாப்பாட்டு அறையில் மெழுகுதிரி ஏற்றி வைத்தார். முதல் கூட்டத்திலேயே, "என் கதவு எப்போதும் திறந்திருக்கும், என்ன கவலை இருந்தாலும் வந்து சொல்லுங்கள்" என்றார். நாங்கள் போனோம், சொன்னோம். யாரும் கேட்காமல் கிடந்த கதைகள் எங்களிடம் நிறைய இருந்தன.

"மனுசன் தங்கம் மச்சாள். நான் சொல்லச் சொல்ல எவ்வளவு வடிவாய்க் கேட்டுக்கொண்டு இருந்தவர் தெரியுமே! அண்ணாவுக்குக்கூட இந்தப் பொறுமை இல்லை" என்றாள் என் மச்சாள். அவளுடைய கணவர் அப்போது கொழும்பில் இருந்தார். அவரை இங்கே கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். தனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று காட்டினால்தான் விசா கிடைக்கும் என்று நம்பியிருந்தாள். இதையெல்லாம் அந்த அறையில் இருந்து அழுதபடி சொன்னாள். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாராம், தோளில் தட்டினாராம்.

முதலில் மாறியது எங்களோடு வேலை செய்த சோமாலியப் பெண் ஒருத்தியின் முகம். அவள் தன் தாயின் நோயைப் பற்றி அவரிடம் மனம்விட்டுக் கதைத்திருந்தாள். சில வாரங்கள் கழித்து விடுமுறை கேட்டுப் போனபோது, அவர் கவலையோடு கேட்டாராம்: "இந்த நிலைமையில் உன்னால் வேலையில் கவனம் வைக்க முடிகிறதா? அக்கறையில்தான் கேட்கிறேன். உன் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் உனக்கு நிம்மதியாக இருக்குமோ?" அவள் பதறிப்போய், விடுமுறை வேண்டாம் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தாள். அடுத்தது மச்சாள். அவள் காய்ச்சலில் இரண்டு முறை வீட்டில் நின்றிருந்தாள். அவர் அவளைக் கூப்பிட்டு, "உன் கணவர் வரும் நேரத்தில் உன் வேலை உறுதியாக இருக்க வேண்டுமே என்றுதான் எனக்கு யோசனை" என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. சிரித்தபடிதான் சொன்னார். அன்று மச்சாளும் நானும் ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போனோம். இறங்கும்போது, "அவர் சரியாய்த்தானே சொல்லுறார்?" என்று என்னிடம் கேட்டாள்.

அதன்பிறகு அவள் காய்ச்சலோடும் வந்தாள். எல்லோரும் வந்தார்கள். அழுக்குத் துணி வண்டிகள் முன்னெப்போதையும்விட வேகமாகக் காலியாகின. தலைமை அலுவலகத்தில் இருந்து ஆட்கள் வந்து பார்த்து அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வேகத்தின் உள்ளே இருந்தது என்ன என்று வெளியாருக்குத் தெரிய வழியில்லை. ஈரம் காயாத விரிப்பு உருளையில் வந்தால் முன்பு நிறுத்திவிட்டுக் கத்துவோம். இப்போது அப்படியே மடித்து அடியில் வைத்தோம். பக்கத்தில் நிற்பவள் பின்தங்கினால் கைகொடுக்க மாட்டோம். கொடுத்தால் அவள் பின்தங்குவது அவர் கண்ணில் பட்டுவிடும். சாப்பாட்டு அறையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. யார் எதைச் சொன்னாலும் அது அந்தத் திறந்த கதவுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகித்தோம். ஊசி கண்டெடுத்ததாகச் சொல்வதும் நின்றுபோனது. சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். வருத்தப்படுவார். "நீ களைத்துப் போயிருக்கிறாயோ?" என்பார். அந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

கோடை முடிகிற நேரம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பெரிய கேக் ஒன்று இருந்தது. அந்த ஆண்டு தொடங்கியதில் இருந்து எங்கள் இடத்தில் ஒரு விபத்துக்கூடப் பதிவாகவில்லை என்று அவர் அறிவித்தார். கைதட்டினோம். பிரிக்கும் பகுதிதான் இதற்குக் காரணம் என்று சொல்லி மச்சாளைக் கூப்பிட்டுக் கத்தியைக் கொடுத்தார். அவள் இடக்கையால் வாங்கினாள். இடக்கையாலேயே வெட்டினாள், கேக் கோணலாகச் சரிந்தது. வலக்கை சட்டைப் பைக்குள் இருந்தது. "என்ன கையிலை?" என்று மெதுவாகக் கேட்டேன். "வண்டி நெரிச்சுப்போட்டுது. சும்மா இருங்கோ" என்றாள். நான் நிமிர்ந்தபோது பொறுப்பாளர் அந்தச் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ஒருவர் நேற்றிரவு அழுதாரா இல்லையா என்பதை வாசலில் வைத்தே கண்டுபிடிக்கும் மனிதர் அவர். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் சிரித்து, ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து அவள் கையில் கொடுத்தார்.

கார்த்திகையில் அவள் சோறு வேண்டாம் என்றாள். மாடிப்படி ஏற முடியவில்லை என்றாள். குளிராக்கும் என்றோம், இருட்டுக் காலமாக்கும் என்றோம். ஒருநாள் ட்வெய்ட்டா கடைத்தொகுதியின் வெளிச்சத்தில் எதிரே வந்தவளைப் பார்த்தபோது கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. அப்படியே அவளை வைத்தியரிடம் கூட்டிப் போனேன். இரத்தம் சோதித்தார்கள். ஈரலைத் தாக்கும் கிருமி. வைத்தியசாலையில் ஓர் இளம் பெண் வைத்தியர், எப்போதாவது ஊசி குத்தியதா என்று கேட்டார். மச்சாள் வலக்கையை மடிக்குள் இழுத்துக்கொண்டு, கேக் வெட்டியதற்கு முதல்நாள் என்றாள்.

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" வைத்தியருக்கு அது விளங்கவே இல்லை. "உடனே சொல்லியிருந்தால் அன்றிலிருந்தே இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருப்போமே. உங்கள் பொறுப்பாளர் அவ்வளவு கடுமையானவரா?"

"இல்லை. மிகவும் அன்பானவர்" என்று மச்சாள் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

சிகிச்சை மாதக்கணக்கில் நடந்தது. வாராவாரம் போடும் மருந்து அவளுக்குக் காய்ச்சலைக் கொடுத்தது, முடியைக் கொட்டியது, காரணமில்லாத துக்கத்தைக் கொடுத்தது. அந்த நாட்களில்தான் தொழிற்சாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தலைமை அலுவலகத்தில் இருந்து ஒருவர், தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதி, பொறுப்பாளர், மச்சாளின் சார்பில் நான். பொறுப்பாளரின் கண்கள் கலங்கியிருந்தன. "எனக்கு இது மிகவும் வலிக்கிறது. அவள் வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் கதவு திறந்துதானே இருந்தது" என்றார்.

"நீங்கள் அவளுடைய கையைப் பார்த்தீர்கள்" என்றேன்.

 அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். விளக்கை அணைத்த வீடுபோல இருந்தது. பிறகு மறுபடியும் கனிவு வந்தது. "இது உனக்கு எவ்வளவு பாரமாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது" என்றார். அடுத்த மூச்சில் என் கடைசி மகளின் பெயரைச் சொல்லி, அவளுக்கு இப்போது சுகமா என்று கேட்டார். அவளுக்கு மூச்சிழுப்பு வந்து ஓர் இரவு முழுக்க வைத்தியசாலையில் இருந்ததை நான் அவருக்குத்தான் சொல்லியிருந்தேன்.  ஆனாலும் நான் சொன்னதைத் திரும்பவும் சொன்னேன். பாதுகாப்புப் பிரதிநிதி அதைக் கேட்டார். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களையும் கேட்கத் தொடங்கினார். சோமாலியப் பெண் சொன்னாள். உருளையில் நின்றவர்கள் சொன்னார்கள். ஒளித்து வைத்திருந்த ஊசிக் கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அதனால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பூங்கொத்தோடு வழியனுப்பினார்கள். துரொண்ட்ஹெய்ம் நகரில் இதைவிடப் பெரிய இடம் ஒன்றுக்குப் போனார் என்று கேள்விப்பட்டோம். மச்சாள் குணமானாள், தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை. அவளுடைய நோய்க்காலச் சம்பளத்தையே வருமானமாகக் கணக்கெடுத்ததால் கணவரும் வந்து சேர்ந்தார். அந்த விசாவுக்கும் பொறுப்பாளருக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் கையில் இருந்தது எங்கள் பயம் மட்டும்தான்.

தலைவர்களுக்குப் பிறர் மனதை உணரும் ஆற்றல் வேண்டும் என்று இப்போது வகுப்பு வைத்துச் சொல்கிறார்கள். நானும் போய் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பொறுப்பாளருக்கு அந்த ஆற்றல் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியம்மாவைவிட அவருக்குத்தான் அது அதிகம் இருந்தது. பெரியம்மாவுக்கு எங்கள் முகம் வாசிக்கத் தெரியாது. அதனால் வாயைத் திறந்து கேட்பார், நாங்களும் வாயைத் திறந்து சொல்வோம். பொறுப்பாளருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. நாங்கள் முகத்தையே மூடிக்கொண்டோம்.

இப்போது நான் வேறோர் இடத்தில், முதியோர் இல்லம் ஒன்றின் சமையல் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பதவி வந்தபோது முதலில் மச்சாளிடம்தான் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எடுங்கோ. ஏன் எடுக்காமல்? ஆனால் ஒண்டு. அங்கை ஆக்கள் உங்களுக்கு முன்னாலை சண்டை பிடிக்கினமோ எண்டு பாருங்கோ. பிடிக்கிற வரைக்கும் பிழையில்லை. எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் பயப்பிடுங்கோ" என்றாள்.

போன கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு அறைப் பக்கம் போனேன். உள்ளே யாரோ உரத்துக் கதைப்பது வெளியில் கேட்டது. நான் கதவடிக்கு வந்ததும் கதை நின்றது. எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி அவசரமாக எழுந்து எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள்.

நான் அதில் இருக்காமல் கதவடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.