வியாழக்கிழமை ஜெபமாலையில் திறந்த கதவு

சென்ற வருடம் ஜெபமாலை மாதமான அக்டோபரில் நான் என் சொந்த வீட்டில், என் சொந்த அறைக்குள் அடைபட்டுக் கிடந்தேன். வெளியே தொங்கிய பூட்டும் நான் காசு போட்டு வாங்கியதுதான். அன்பான பங்கு மக்களே, அங்கிருந்து ஆண்டவர் என்னை வெளியே கொண்டுவந்த விதத்தை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

என் பெயர் ரெஜினா. ராயபுரத்துக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில்வே டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அங்கே என்னிடம் திட்டு வாங்காமல் டிக்கெட் வாங்கியவர்கள் இந்தப் பக்கம் குறைவு. கோவிலிலும் அப்படித்தான். வாசகம் வாசிப்பவர் ஒரு சொல்லை விழுங்கினால் எனக்குப் பொறுக்காது. இருந்த இடத்திலிருந்தே சத்தமாகத் திருத்திவிடுவேன். பாடகர் குழுப் பிள்ளைகள் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

ஸ்டீபன் என் தம்பி மகன். தம்பி இறந்த பிறகு நான்தான் படிக்க வைத்தேன். எனக்கு வயதாகிவிட்டது, கூட இருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று அவனும் அவன் மனைவி ஷீலாவும் வந்து சேர்ந்தார்கள். முதலில் ராஜ உபசாரம். நெத்திலி வறுவல் இல்லாமல் எனக்குச் சோறு போட்டதில்லை. பிறகு ஒரு நாள், "அத்த, வூட்ட எம் பேர்ல எழுதிக் குட்த்துடு" என்றான். "எனக்கப்புறம் உனக்குத்தாண்டா, இப்ப இல்ல" என்றேன். அத்தோடு நெத்திலி நின்றது.

போன் ரிப்பேருக்குப் போனது, திரும்பி வரவில்லை. பேங்க் கார்டு பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் பைக்குப் போனது. வழுக்கி விழுந்துவிடுவேனாம், பூசைக்கும் போகக் கூடாது. எதிர்த்துப் பேசினால் சாப்பாட்டுத் தட்டு வராது. ஒரு நாள் என் விரல்களுக்கு நடுவே பேனாவைத் திணித்து, கையெழுத்துப் போடச் சொல்லி மணிக்கட்டை முறுக்கினான். அன்றைக்கு அழுதேன். வலி பொறுக்காமல் அழவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் பிடித்துக் கூட்டிப்போன கை அது.

ஜன்னல் வழியாகக் கத்திப் பார்த்தேன். ஸ்டீபன் அதற்கு முன்பே தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தான், அத்தைக்கு ஞாபகம் போய்விட்டது, கண்டபடி பேசுகிறாள் என்று. நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு நோய் முற்றிவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். "எப்டி இருந்த பொம்பள, பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

ஜெபம்தான் மிச்சம். அதுவும் ரொம்ப நாளாக வெயிட்டிங் லிஸ்டிலேயே கிடந்தது. கடைசியில் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கேட்டேன்: "மாதாவே, யாரையாவது அனுப்பு தாயே. யாராக இருந்தாலும் சரி. பிலோமினாவை மட்டும் அனுப்பாதே."

பிலோமினா காசிமேட்டில் மீன் விற்பவள். எங்கள் தெருக்களின் ஜெபக் குழுவான அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. ஒருமுறை ஜெபத்தில் அவள் செய்த தப்பை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னேன். "நீ இன்னா போப்பாண்டவருக்கு அக்காவா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

ஜெபமாலை மாதத்தில் மாதாவின் சிலை, அந்தச் சுரூபம், வீடு வீடாக வரும்; வந்த வீட்டில் அன்பியத்துப் பெண்கள் கூடி ஜெபிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் தெருவில் யாரும் குடியிருக்க முடியாது. ஸ்டீபனும் மாட்டிக்கொண்டான். என்னை அறைக்குள் தள்ளிப் பூட்டினான். கூடத்தில் பெண்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. "அத்த மாத்திர போட்டுத் தூங்குறாங்க. ஆளுங்களப் பாத்தா மிரள்றாங்க" என்று ஷீலா சொன்னாள். "அப்டியா, பாவமே" என்றது ஒரு வெண்கலக் குரல். பிலோமினா! மாதா என் ஜெபத்தைப் பாதி கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள் என்று நினைத்தேன்.

கத்த வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். கத்தினால் பைத்தியம் என்பார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கதவில் காதை வைத்து நின்றேன். பிலோமினா ஆரம்பித்தாள்: "சந்தோஷ தேவ இரகசியங்கள். முதலாவது, கபிரியேல் சம்மனசு..."

விரல் விட்டுக் கிழமையை எண்ணினேன். முந்தின நாள் சாயங்காலம் சகாய மாதா நவநாள் கோவில் மைக்கில் கேட்டது. அது புதன்கிழமைதான் நடக்கும். அப்படியானால் இன்று வியாழன். ஜெபமாலையில் கிழமைக்கு ஏற்ப தேவ இரகசியங்கள் மாறும்; வியாழனுக்கு ஒளியின் தேவ இரகசியங்கள் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இவள் இன்னமும் பழைய முறையிலேயே போகிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் விடுதலையை நினைக்கவே இல்லை. என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"இன்னிக்கு வியாழக்கிழம!" என்று கதவைத் தட்டிக்கொண்டே கத்தினேன். "ஒளியின் தேவ இரகசியம்! முதலாவது, இயேசு யோர்தான் ஆத்துல ஞானஸ்நானம் வாங்கினது! எத்தன தடவ சொல்றது உனக்கு!"

கூடத்தில் ஜெபம் நின்றது. பிறகு பிலோமினாவின் குரல் வந்தது.

"இன்னாமே ஷீலா, ஞாபகம் பூட்ச்சின்ன? எனக்கே கெயம மறந்து பூட்ச்சு, அந்தக்கா உள்ள கீது, கரீட்டா சொல்லுது. ஸ்டீபா, கதவத் தொற."

"சாவியக் காணோம்" என்றான் ஸ்டீபன்.

"காணோமா? அதுக்குத்தான் நம்ம அந்தோணியாரு கீறாரே! எல்லாரும் முட்டி போடுங்க. சாவி கெடைக்கிற வரிக்கும் ஒருத்தரும் எய்ந்துக்கக் கூடாது."

காணாமல் போன பொருளுக்கு அந்தோணியாரிடம் வேண்டுவது நமக்கெல்லாம் வழக்கம்தான். ஆனால் பொருளை ஒளித்து வைத்தவனையும் முட்டி போட வைத்து வேண்டியது அன்றைக்குத்தான் இருக்கும். உள்ளே நானும் முட்டி போட்டேன். ஸ்டீபனுக்கு வேர்த்துக் கொட்டியதாம். துடைக்கலாம் என்று பேன்ட் பையிலிருந்து கைக்குட்டையை உருவினான். கூடவே சாவியும் வந்து தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. அந்தோணியார் அவ்வளவு சீக்கிரத்தில் வேலையை முடித்து நான் பார்த்ததில்லை.

பிலோமினாவே கதவைத் திறந்தாள். ஏதோ கிண்டலாகச் சொல்ல வந்தவள், என் மணிக்கட்டில் இருந்த காயத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "யாருக்கா பண்ணது?" என்றாள் மெதுவாக. ஊரையே திட்டிய நான், அவள் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதேன்.

போலீஸ் வேண்டாம், குடும்ப மானம் போய்விடும் என்றேன். "பூட்டுனவனே வெக்கப்படல, நீ இன்னாத்துக்குக்கா வெக்கப்படுற?" என்று கேட்டுவிட்டு, முதியோர் உதவி எண்ணுக்கு என் கண் முன்னாலேயே போன் போட்டாள். ஒரு பெண் காவலர் வந்தார். வீட்டில் இருந்தவர்களையெல்லாம் வெளியே நிற்க வைத்துவிட்டு, என்னிடம் தனியாக, பொறுமையாகக் கேட்டார். மூத்தவர்களைக் காப்பாற்ற இப்போது சட்டமே இருக்கிறதாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் பிலோமினா மீன் கூடையை விட்டுவிட்டு என்னுடன் வந்தாள். உத்தரவு வந்ததும் ஸ்டீபனும் ஷீலாவும் வீட்டைக் காலி செய்தார்கள். என்னைப் பரிசோதித்த டாக்டர், ஞாபகம் நன்றாக இருக்கிறது, கோபம்தான் கொஞ்சம் அதிகம் என்றார்.

எல்லாம் ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்டீபனை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அவன் மனம் திரும்ப தினமும் ஜெபிக்கிறேன். வீட்டுச் சாவியை மட்டும் கொடுக்க மாட்டேன்.

இப்போது சுரூபத்தோடு நானும் பிலோமினாவும் சேர்ந்துதான் வீடு வீடாகப் போகிறோம். புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். அந்த வீட்டுப் பெரியவர் வந்து தன் கையால் மாதாவுக்கு மாலை போடாமல் ஜெபம் தொடங்காது. நடக்க முடியாதவர் என்றால் சுரூபம் அவர் கட்டிலுக்கே போகும். போன வாரம் ஒரு வீட்டில், "அப்பா தூங்குறாரு" என்றான் மகன். எனக்கு அன்றைக்கு ஷீலா சொன்னது ஞாபகம் வந்தது. பிலோமினா சுரூபத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். மகன் போய் எழுப்பினான். லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு பெரியவர் வந்தார். நிஜமாகவே தூங்கிக்கொண்டுதான் இருந்தாராம்.

"மனுசன ஒரு மத்தியானம் கண்ணசர வுட மாட்டீங்களா? பேஜார் பண்றதுக்குன்னே மாதாவத் தூக்கினு வந்துட்டீங்களா?" என்று தொடங்கி, எங்கள் பரம்பரை வரைக்கும் போய்த் திட்டினார். என் ஆயுசில் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை.  ஒவ்வொரு திட்டுக்கும் ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டுக்கும் வருவோம். நம்பி ஜெபியுங்கள். எந்த வீட்டிலாவது ஒரு பெரியவரை ரொம்ப நாளாகக் காணவில்லை என்றால், போய்க் கதவைத் தட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம்.