ஹோட்டலில் இடமில்லையாம்

சின்னம்மா பிரான்சுக்குப் போகச் சம்மதித்துவிட்டார் என்று தெரிந்ததும் அம்மா குசினியில், அடுப்படியில் நின்றபடியே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சின்னம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வதே அதுவரை அவருடைய பதிலாக இருந்தது. எங்கள் வீட்டில் உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு அது ஒன்றுதான். இந்த முறை அவர் குளியலறைக்குப் போகவில்லை. "சரி, போய்ப் பாக்கிறன்" என்றார்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் நானும் சின்னம்மாவும். அவர் அம்மாவின் தங்கை. சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாக வேலை. விடியவே எழுந்து, எனக்கு விழிப்பு வந்துவிடாமல் இருட்டிலேயே உடுத்திக்கொண்டு பஸ்சுக்குப் போய்விடுவார்.

குடும்பத்தின் முடிவுகள் எங்கள் வீட்டில் எடுக்கப்படுவதில்லை. அவை கர்க்லாண்டில், இரண்டு கார் நிறுத்தும் கராஜ் வைத்த மாமா வீட்டில் எடுக்கப்பட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் காரில் எங்களிடம் வந்து சேரும். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒரே அண்ணன் அவர். பாரிசில் இருந்த மாப்பிள்ளையையும் மாமாதான் கண்டுபிடித்திருந்தார். மன்னார்க்காரர், நாற்பத்தைந்து வயது, மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, கனடாவுக்கு வர விருப்பமாம். சின்னம்மாவுக்கு முந்தைய வருடம்தான் கனேடியப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அதற்குப் பிறகு மச்சாளுடைய வயது மளமளவென்று குறைந்துகொண்டு வருகிறது என்று அப்பா பகிடி விட்டார். அம்மா சிரிக்கவில்லை.

ஏற்பாடு இதுதான். சின்னம்மா பாரிசுக்குப் போய் மாப்பிள்ளையின் அக்கா வீட்டில் இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், தங்கவேண்டும். இரண்டு கிழமை கூட இருந்து சமைத்துச் சாப்பிட்டால் பிள்ளையின் குணம் தெரிந்துவிடும் என்று அந்த அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் மாமா இதைச் சொன்னபோது சின்னம்மா ஆட்டிறைச்சிக் கறியைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"போறன் அண்ணை. ஆனா அவையின்ரை வீட்டில நிக்கமாட்டன். ஹோட்டலில நிப்பன்."

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. இலங்கையில் எங்கள் ஊரில் ஹோட்டல் என்றால் வடையும் பிளேன்ரீயும் கிடைக்கிற இடம். "சாப்பாட்டை வெளியில பாக்கப் போறியோ?" என்று கேட்டார்.

"படுக்கிறதுக்கு" என்றார் சின்னம்மா.

பாரிசில்கூட இல்லையாம். பாரிசிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் சார்த்ர் என்று ஒரு பழைய பட்டினம் இருக்கிறதாம், அங்கே ஒரு சின்ன ஹோட்டலாம். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "சாத்திரமோ? நாங்கள் வேதக்காரர், சாத்திரம் பாக்கிறேல்லையெல்லே" என்றார். அதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா கை கழுவிவிட்டு, "விசர்க் கதை கதையாதை" என்று மட்டும் சொல்லிக் கதையை முடித்தார். முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் சின்னம்மா நூலகத்தில் இரவல் எடுத்த பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைக் கட்டிலில் விரித்து வைப்பார். நான் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொல்லவேண்டும். எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்தேன். ஏழு வயதிலிருந்து வீட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். டாக்டரிடம், வங்கியில், வீட்டுக்காரரிடம் எல்லாம் பெரியவர்கள் என்னைத்தான் முன்னே தள்ளிவிடுவார்கள். தெருமுனை தெபனர் கடையில் பால் வாங்கப் போனால்கூடச் சின்னம்மா என் தோளில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தப் பட்டினத்துப் பேராலயத்துக்கு இரண்டு கோபுரங்கள், இரண்டும் ஒன்றுபோல இராது என்று வாசித்துச் சொன்னேன். கீழே ஒரு சின்ன ஆறு, கல் பாலங்கள், முந்திய காலத்தில் பெண்கள் உடுப்புத் தோய்த்த துறைகள். அந்த ஆற்றங்கரைச் சரிவில் பன்னிரண்டு அறைகளோடு ஒரு ஹோட்டல். காலை உணவு உண்டு. நாய்களுக்கு அனுமதி உண்டு.

"நாய்க்கும் இடம் குடுக்கினமாம். எனக்குத் தரமாட்டினமோ?" என்றார் சின்னம்மா.

அந்த வரியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அறைக்குள் என்னென்ன இருக்கும் என்று கேட்டார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல் என்று இருந்ததைச் சொன்னேன். "போதும்" என்றார்.

சனிக்கிழமை காலையில் ஹோட்டலுக்கு அழைப்பது என்று முடிவாயிற்று. நாங்கள் காலைத் தேநீர் குடிக்கும்போது அங்கே பிற்பகல். வெளிநாட்டுக்கு அழைக்கும் அட்டை ஒன்றை வாங்கி, எண்ணை இன்னும் சுரண்டாமல் பைபிளுக்குள் செருகி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது வாசலில் மாமாவின் கார் நின்றது. மாமா அதற்கு முன் ஒருநாளும் என்னை ஏற்ற வந்ததில்லை. என்னைக் கூட்டிப்போய்ப் பெரிய தட்டில் பூட்டின் வாங்கித் தந்தார். சீஸ் தூவிக் கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்குப் பொரியலில் நான் பாதி தின்னும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, நாளைக்கு நீதானே கதைக்கப்போறாய். அவை என்ன சொன்னாலும் இடமில்லையாம் எண்டு சின்னம்மாவுக்குச் சொல்லு. வேறை ரெண்டு மூண்டு இடத்துக்கும் போன் அடிக்கச் சொல்லுவா. எல்லாத்துக்கும் அப்பிடியே சொல்லு."

"அது பொய்யெல்லே மாமா?"

"பொய்தான். உன்ரை சின்னம்மா தனிய ஹோட்டலில நிண்டவ எண்டு நாளைக்குச் சனம் கதைச்சால் அது உண்மையாயிருக்கும். எது நல்லம், நீயே சொல்லு."

வாய் நிறையச் சீஸ். தலையை ஆட்டினேன்.

அடுத்த நாள் அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா வரவேற்பறையில் தமிழ் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். சின்னம்மா தலை வாரி, நல்ல சட்டை ஒன்று போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டார், அங்கிருப்பவர்கள் தன்னைப் பார்க்கப்போகிறார்கள் என்பதுபோல. நான் எண்களை அழுத்தினேன். அவர் தன் காதை என் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

ஒரு பெண் எடுத்தார். வயதானவர் போலிருந்தது. மே மாதம், ஆறு இரவு, ஓராள் என்று சொன்னேன். காகிதம் புரளும் சத்தம். பிறகு அவர், தாராளமாக இடமிருக்கிறது என்றும், மேல்மாடியில் ஆற்றைப் பார்த்தபடி ஓர் அறை இருக்கிறது, படி கொஞ்சம் செங்குத்து, அது பரவாயில்லையா என்றும் கேட்டார்.

நான் தொலைபேசியின் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "இடமில்லையாம் சின்னம்மா" என்றேன்.

சின்னம்மா அசையவில்லை. ஒட்டியிருந்த காதும் விலகவில்லை. ஹோட்டல்காரப் பெண் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு சின்னம்மா மெதுவாக என் விரல்களைப் பிரித்துத் தொலைபேசியைத் தன் கைக்கு எடுத்தார்.

"மதாம்" என்றார். அதன் பிறகு பிரெஞ்சில் பேசினார்.

அறைக்கு வருகிறவள் நான்தான், பேசியது என் பெறாமகள், சின்னப்பிள்ளை, களைத்துப்போனாள் என்றார். மூன்று மாடி ஏறித்தான் தினமும் வீட்டுக்கு வருகிறேன், படி எனக்குப் பெரிய காரியமில்லை என்றார். அது பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு இல்லை. எட்டு வருடம் இரண்டு கெபெக் பெண்களுக்கு நடுவில் நின்று குளிசை அடுக்கிப் படித்த பிரெஞ்சு. எங்கள் ஆசிரியை கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. சின்னம்மாவும் சிரித்தார். தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார், தவறாக எழுதியதைத் திருத்தினார், நன்றி சொல்லி வைத்தார்.

எனக்குப் பொய் சொன்ன வெட்கம் ஒரு பங்கு. இவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை எனக்கே மறைத்துவிட்டார் என்ற கோபம் மறு பங்கு.

"ஆர் சொல்லச் சொன்னது?" என்று கேட்டார்.

"மாமா."

"மாமாவுக்குப் போன் அடி."

எண்களை அழுத்தினேன். சின்னம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "அண்ணை, ஹோட்டலில இடம் இருக்காம். மேல்மாடியில. ஆத்துப் பக்கம்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். எனக்கு ஓர் அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

அடுத்த நாள் மாமா பூசைக்கு முன்னதாகவே வந்துவிட்டார். அம்மா அழுதுகொண்டே, "சனம் என்னடி கதைக்கும்?" என்றார்.

"அக்கா, சனம் எனக்காகக் குளிசை அடுக்க வாறதில்லை."

மாமா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இறங்கி வந்துதான் பேசினார். "சரி, போ. அங்கை பெரிய மாதா கோயில் இருக்காமெல்லே. யாத்திரை போறன் எண்டு சொல்லு. பங்குச் சாமியிட்டையும் நான் சொல்லிவிடுறன். கோயிலடியில கன்னியாஸ்திரிகளின்ரை மடம் ஏதும் இருக்கும், அதில நில். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஊர் அதுவேதான், பிரச்சினையும் தீர்ந்தது.

"மாதாவைச் சாட்டிப் போகமாட்டன் அண்ணை" என்றார் சின்னம்மா. குரல் உயரவே இல்லை. "கோயிலுக்குப் போவன், மெழுகுதிரி கொளுத்துவன். ஆனா நான் போறது ஹோட்டலில நிக்க. ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்கோ."

"மாப்பிள்ளை பகுதிக்கு என்னெண்டு சொல்லுறது?"

"விலாசம் குடுங்கோ. விருப்பமெண்டா அவர் வந்து கோப்பி குடிக்கட்டும். கோப்பி நான் வாங்கிக் குடுக்கிறன்."

"பொம்பிளை பாக்க ஹோட்டலுக்கு ஆர் வருவினம்?"

"வாறவர் வரட்டும்."

மாமா பூசைக்கும் எங்களோடு வரவில்லை, சாப்பிடவும் வரவில்லை. அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. பிறகு அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஆத்துப் பக்கமெண்டா குளிராயிருக்கும். என்ரை கம்பளிச் சட்டையைக் கொண்டு போ" என்றார்.

மே மாதம் போனார். ஆறு இரவு நின்றார். சொன்ன நாளில் திரும்பி வந்தார். அம்மா விமான நிலையத்திலிருந்தே கேட்கத் தொடங்கிவிட்டார்.

மாப்பிள்ளை வந்திருந்தாராம். அவருடைய அக்கா கோபத்தில் வரமாட்டேன் என்றுவிட, மூன்றாம் நாள் அவர் தனியாக ரயில் ஏறி, ஒரு பெட்டி கேக்கோடு வந்திருக்கிறார். கீழே காலை உணவு மேசையில் இருவரும் கோப்பி குடித்தார்களாம், ஆற்றங்கரையில் நடந்தார்களாம். மேசையில் கிடந்த அறைச் சாவியை அவர் கையில் எடுத்துப் பார்த்து, நல்ல பாரமாயிருக்கிறது என்றாராம். பதினொரு வருடமாக அக்கா வீட்டின் வரவேற்பறையில் படுக்கிறவராம். அமைதியான ஆளாம்.

"பேந்தென்ன, நாள் வைக்கட்டோ?" என்றார் அம்மா.

"வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"நல்லவர் எண்டு நீதானேயடி சொல்லுறாய்."

"நல்லவர்தான். நல்லவர் எண்டதுக்காகக் கட்டோணுமோ?"

கெட்டவனிடமிருந்து தப்பத்தான் இவ்வளவு பிடிவாதமும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதி நகரம் வீடு மாறும். அந்த வருடம் சின்னம்மாவும் மாறினார். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒன்றரை, அதாவது ஓர் அறையும் ஒரு குளியலறையும் மட்டும் உள்ள வீடு. மாமா அதன் பிறகு ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. அம்மா உதவ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மிளகாய்த் தூளும் பருப்பும் கட்டி அனுப்பினார். அப்பா காரில் பெட்டிகளை ஏற்றினார். நான் மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் எங்களை விட்டுப் போவது நான் சொன்ன பொய்யால்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. விளக்கை மேசையில் வைத்துவிட்டு, "என்னோடை கோபமோ சின்னம்மா?" என்று கேட்டேன்.

"கோபமெண்டா விளக்கைத் தூக்க உன்னைக் கூப்பிடுவனோ?" என்றார்.

அதை நம்பினேன். நிம்மதியாக வீட்டுக்கு வந்து, முழுதாக எனக்கே கிடைத்துவிட்ட அறையின் நடுவில் கையையும் காலையும் விரித்துப் படுத்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அந்தப் புத்தகத்தை அவரே வாசித்திருக்கலாம். தொலைபேசியையும் அவரே எடுத்திருக்கலாம். பிரெஞ்சு அவ்வளவு தெரிந்தவர், ஒரு கிழமை முழுதும் ஏன் என்னைப் பக்கத்தில் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்? குடும்பத்தில் ஒருத்தியாவது தன் பக்கம் நிற்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அதற்கு என்னைத் தேர்ந்திருக்கிறார். நானோ அவருடைய காதோடு காதை வைத்துக்கொண்டு, இடமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.