கோச் வைத்த பெயர்கள்

எங்கள் பேஸ்போல் குழுவின் சட்டைகள் ஓர் அட்டைப்பெட்டியில் வந்தன. கியூபெக்கின் சென்ட் லோரன்டில் எங்கள் மருந்துத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில், ஜூன் மாதத்து மாலை வெயிலில், கோச் அந்தப் பெட்டியைக் கத்தியால் கிழித்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்து உதறி, முதுகில் அச்சிட்டிருந்த பெயரைச் சத்தமாக வாசித்து எங்களை நோக்கி எறிந்தார். போர்த்துக்கல்காரனுக்கு ‘சார்டின்’. வியட்நாம்காரனுக்கு ‘சைகோன்’. ஹெயிட்டியிலிருந்து வந்த, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனிதருக்கு, அந்நாட்டு மாந்திரீகத்தின் பெயரான ‘வூடூ’. மெலிந்து, வட்டக் கண்ணாடி போட்டிருந்த எனக்கு ‘காந்தி’. நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன், இந்தியாவைக் கண்ணாலும் கண்டதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “அதுக்கென்ன, காந்தி நல்ல மனுசன்தானே” என்றார். கடைசியாக, குழுவிலிருந்த மற்றத் தமிழரான மன்னார் அண்ணையின் சட்டை. தமிழரைப் பற்றித் தொலைக்காட்சிச் செய்தியில் கோச் கேட்டிருந்தது ஒரேயொரு சொல்தான். அதையே அச்சிட்டிருந்தார்: ‘டைகர்’.

மன்னார் அண்ணை சட்டையை விரித்து முன்னும் பின்னும் பார்த்தார். “இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில போக ஏலாது தம்பி” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “பகிடிக்கு வைச்சதண்ணை. கிழவன்ர மனசில ஒண்டுமில்லை” என்றேன். “ஓம், அது தெரியும்” என்றார். அதன்பிறகு அவர் மைதானத்துக்கு வந்துதான் அதை மாட்டுவார். ஆட்டம் முடிந்ததும் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். ஆனால் அதை அணிந்து நின்ற நேரத்தில் அவர் அடித்த அடிகளை மறக்க முடியாது. கிரிக்கெட் மட்டை பிடித்துப் பழகிய கை. பந்து வேலியைத் தாண்டிப் போய் வாகனத் தரிப்பிடத்தில் விழும்போதெல்லாம் கோச் தொப்பியைக் கழற்றி ‘டைகர், டைகர்’ என்று கத்துவார்.

கோச் எங்கள் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் பேஸ்போல் குழுதான் அவருக்கு வீடு. இளவயதில் அமெரிக்காவின் தென்பகுதியில், சம்பளத்துக்கு ஆடும் சின்னக் குழுக்களில் பந்து எறிபவராக இருந்திருக்கிறார். கியூபெக்கின் ஒரு பண்ணைக் கிராமத்திலிருந்து ஆங்கிலம் தெரியாமல் போன பையன். பிரெஞ்சுக்காரன் தவளை தின்பவனென்று அங்கே அவருக்குத் ‘தவளை’ என்று பெயர். உள்ளூர்ப் பத்திரிகையே அப்படித்தான் எழுதியதாம். அந்தத் தொழிலில் அது ஆதியிலிருந்தே உள்ள வழக்கம் என்பார். ஜெர்மன்காரன் யாராயிருந்தாலும் ‘டச்சு’. பூர்வகுடிக்காரன் யாராயிருந்தாலும் ‘சீஃப்’. “பேர் வைக்கேல்லையெண்டால் உன்னை ஒருத்தரும் கூட்டாளியா எண்ணேல்லை எண்டு அர்த்தம்” என்பது அவருடைய கட்சி.

ஆட்டம் முடிந்து புல்லில் சரிந்திருக்கும்போது தவளைக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்போம். ஒரு பருவத்தின் முதல் ஆட்டம். சக ஆட்டக்காரர்கள் அவருடைய கையுறைக்குள் உயிருள்ள தவளையொன்றை வைத்துவிட்டார்கள். நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் அவர் கையை உள்ளே விட்டார். அன்றைக்கு அவர் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் கூட்டம் முழுவதும் தவளைபோலக் கத்தியது. இந்த இடத்தில் கோச் இரண்டு கன்னங்களையும் உப்பிக்கொண்டு தானும் கத்துவார். வயிறு நோகச் சிரிப்போம்.

மன்னார் அண்ணை அப்போது அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். மனைவியும் மகளும் ஊரில். கடல்தொழில் செய்தவர். புலிகள் இயக்கம் படகைக் கேட்டது, இராணுவம் படகு கொடுத்தவனைத் தேடியது. அவ்வளவுதான் அவருடைய வழக்கு. இங்கே நன்றாக ஒட்டி வாழ்வதற்குச் சான்றாகப் படங்கள் இருந்தால் கொண்டு வரும்படி வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அவர் கொடுத்தவற்றில் எங்கள் குழுப்படமும் ஒன்று. பெயர்கள் தெரியவேண்டுமென்று கோச் எல்லோரையும் முதுகைத் திருப்பி நிற்கவைத்து எடுத்த படம்.

விசாரணையில் அதிகாரி அந்தப் படத்தையே பிடித்துக்கொண்டார். ஏன் உங்களை இப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டார். பகிடி என்று அண்ணை சொன்னார். யாருடைய பகிடி, எதற்காக, வேறு எங்கே அப்படி அழைத்தார்கள் என்று கேள்விகள் நீண்டன. விசாரணை இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போனது. வழக்கறிஞர் கோச்சைச் சாட்சியாகக் கேட்டார்.

கோச் சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்தார். அண்ணை விரும்பியதால் என்னையும் உள்ளே இருக்க விட்டார்கள். பேஸ்போலில் பெயர் வைக்கும் வழக்கத்தைக் கோச் பொறுமையாக விளக்கினார். டச்சு, சீஃப், பிறகு எங்கள் குழுவின் சார்டின், சைகோன் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரியும் சிறிது தளர்ந்ததுபோலிருந்தது. “உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்?” என்று ஆர்வத்தோடு கேட்டார். கோச் தவளைக் கதையைத் தொடங்கினார்.

ஒவ்வொரு வரியும் எனக்குப் பாடம். கன்னத்தை உப்பும் இடம் வந்தது. கோச் நிறுத்திவிட்டார். மேசையில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது குளிர்ந்துபோயிருந்தது” என்றார். “எனக்கு இருபது வயது. இதை எடுங்கோ எண்டு சொல்லக்கூட அவங்கட பாஷை தெரியாது. எல்லாரும் சிரிச்சாங்கள், நானும் சிரிச்சன். பேந்து அறைக்குப் போய்க் கையைக் கழுவிக் கழுவி அழுதன்.” பிறகு மன்னார் அண்ணையைக் காட்டினார். “அதையேதான் நான் இவருக்குச் செய்திருக்கிறன். இவர் புலியுமில்லை ஒண்டுமில்லை. இவரின்ர சரியான பேர்கூட எனக்குத் தெரியாது.”

வெளியே நடைகூடத்தில் என் முழங்கையைப் பிடித்து, “நீங்கள் இவரை எப்படிக் கூப்பிடுறனீங்கள்?” என்று கேட்டார். “மன்னார் அண்ணை எண்டுதான்” என்றேன். “உள்ளுக்கும் சொன்னாங்களே, அது ஊரின்ர பேரெல்லோ?” என்றார். அண்ணை தாமே தம் பெயரைச் சொன்னார். நீளமான பெயர், நடுவில் ஒரு ழகரம். கோச் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அந்த ழகரம் அவருடைய தொண்டையில் உருண்டு பிரெஞ்சாகவே வெளியே வந்தது. “விடுங்கோ கோச், எங்கட சனமே அதை ஒழுங்காச் சொல்லாது” என்று அண்ணை சிரித்தார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

தீர்ப்பில் பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. நாட்டில் இப்போது யுத்த நிறுத்தம், ஆகவே அவர் அச்சமின்றித் திரும்பிப் போகலாம் என்றிருந்தது. மேல்முறையீடுகளும் கைகொடுக்கவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் கோச் பனிச்சப்பாத்தோடு வந்து நின்றார். அண்ணையின் பெயரைச் சொன்னார், பிழையாகத்தான். அண்ணை அவரைக் கட்டிப்பிடித்து, “மெர்சி, கோச்” என்றார். என் பக்கம் திரும்பி, “மகள் என்னை அடையாளம் பிடிப்பாளோ தெரியாது” என்றார். உள்ளே போனபின் கண்ணாடிக்கு அப்பால் ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்த கோடையில் வந்த சட்டைகளில் இலக்கங்கள் மட்டுமே இருந்தன. ஏன் பெயரில்லை என்று போர்த்துக்கல்காரன் சண்டை பிடித்தான். ஹெயிட்டிக்காரர் மட்டும் என்னிடம் மெல்ல, “எனக்கு அந்தப் பெயர் ஒருநாளும் பிடித்ததில்லை” என்றார். கோச் எங்கள் உண்மைப் பெயர்களைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி அழைத்தார். மைதானத்தில் முன்பிருந்த ஆரவாரம் இல்லை.

ஊரில் மறுபடி யுத்தம் தொடங்கியது. அண்ணையின் தொலைபேசி அழைப்புகள் குறைந்து, பின் நின்றே போயின. மன்னார்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிழக்கே போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஒவ்வொரு வாரமும் கோச் என்னிடம் செய்தி கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் படுத்தபோதும் கேட்டார். ஒரு பிற்பகல், ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து விலக்கிவிட்டு, அண்ணையின் பெயரை முழுதாகச் சொன்னார். நாக்கு மடிந்து, ழகரம் ழகரமாகவே வந்தது. எத்தனை நாள் அந்தக் கட்டிலில் தனியே படுத்தபடி சொல்லிச் சொல்லிப் பழகினாரோ! “இப்ப சரியோ?” என்று கேட்டார். “சரி, கோச்” என்றேன். அந்த மாதமே அவர் போய்விட்டார்.

எங்கள் பங்குக் கோயிலில் நவம்பர் மாதம் இறந்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். ஒரு வாரம் முன்பே பங்குப் பெண்ணொருத்தி வாசலில் நின்று பெயர்களைக் கேட்டு எழுதுவாள். கோச்சின் ஞானஸ்நானப் பெயரை நான் ஆண்டுதோறும் கொடுக்கிறேன். அவருடைய மரண அறிவித்தலில்தான் அதை நானும் அறிந்தேன். யுத்தம் முடிந்தும் எத்தனையோ நவம்பர்கள் போய்விட்டன, அண்ணையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. “வேற ஆரும் இருக்கினமோ அண்ணை?” என்று அவள் பேனாவைப் பிடித்தபடி கேட்பாள். மன்னார் அண்ணையின் முழுப்பெயர் நாக்கு நுனிவரை வரும். “இல்லைத் தங்கச்சி, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.