துடிக்கிற கலங்கள்

துணுக்காயில் நாங்கள் இருந்த காலத்தில் எனக்கு மலேரியா மூளைக்கு ஏறியது. பிழைத்துக்கொண்டேன். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு வலிப்பு வரத் தொடங்கியது. அப்போது மகள் கைக்குழந்தை.

ஆசுப்பத்திரி டொக்டர் பொறுமையானவர். நான் ஆசிரியை என்பதாலோ என்னவோ, விளக்கமாகச் சொன்னார்.

"மூளையிலை குளூட்டமேற் எண்டொரு அமினோ அமிலம் இருக்கு. ஒரு நரம்புக்கலம் அதை விட, பக்கத்துக் கலம் தூண்டப்பட்டுத் துடிக்கும். நாங்கள் நினைக்கிறது, நடக்கிறது எல்லாம் அதாலைதான். அந்தத் துடிப்பை அடக்கவும் வேறொரு பொருள் இருக்கு. காய்ச்சல் உங்கடை மூளையிலை ஒரு வடுவை விட்டிட்டுது. அந்த இடத்திலை தூண்டுறதின்ரை கை ஓங்கினால் கலங்கள் எல்லாம் ஒரேயடியாத் துடிக்கும். அதுதான் வலிப்பு."

"அப்ப இந்தக் குளிசை?"

"அடக்கிறதுக்குத் துணை நிக்கும். ஆனால் திடீரெண்டு மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. முந்தினதைவிட மோசமா வரும்."

குளிசை போட்ட மாதங்களில் வலிப்பு வரவில்லை. பிறகு சண்டையால் பாதை மூடப்பட்டது. மருந்துக்குப் போன என் கணவர் வெறுங்கையோடு வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார்.

"வரேல்லையாம். எப்ப வருமெண்டும் தெரியாதாம்."

மிச்சமிருந்த குளிசைகளைப் பாதி பாதியாக உடைத்து விழுங்கினேன். பிறகு காற்பங்கு. கணவர் என்னைக் கிணற்றடிக்குப் போக விடவில்லை. அரிவாளை என் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்தார். எங்களோடு இருந்த அவருடைய தங்கை, என் மச்சாள், குசினியில் சமையலைப் பொறுப்பெடுத்தாள். வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானோ என் தலைக்குள் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். தூண்டுகிற பொருள் உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் சாப்பிடும்போதும் விடவில்லை.

ஒரு காலை மச்சாள் தண்ணீர் அள்ளப் போயிருந்தாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி பானையை இறக்கப் போனேன். திடீரென்று தேங்காய்த் தும்பு கருகும் மணம் வந்தது. அடுப்பில் தும்பு இல்லை. வலிப்புக்கு முன்னால் எனக்கு மட்டும் வரும் மணம் அது.

திரும்பினேன். மூலையில் நெல் மூட்டைகள் கிடந்தன. குழந்தையை அவற்றின் மேல் கிடத்தியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

விழித்தபோது நாக்கு கடிபட்டிருந்தது. பானை சரிந்து கஞ்சி கொட்டி வலது கை தோளுக்குக் கீழே வெந்திருந்தது. மச்சாள் அழுதுகொண்டிருந்தாள்.

"பிள்ளை?"

"ஒண்டுமில்லை. மூட்டையிலை கிடந்து கத்தினவள். அந்தச் சத்தத்திலைதான் ஓடி வந்தனான்."

அன்றிலிருந்து நான் குழந்தையைத் தூக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, என் கைகளை நானே நம்பவில்லை. மச்சாள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், நித்திரையாக்கினாள். வலிப்பு பிறகும் வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீண்டது.

மருந்து மறுபடி கிடைத்தபோது மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். குளிசை போட்டுச் சில வாரங்கள் பொறுத்திருந்தேன். மணம் வரவில்லை. ஒரு நாள் முற்றத்தில் குந்தியிருந்து கைகளை நீட்டினேன்.

"அம்மாட்டை வாங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு "அம்மா" என்று கத்திக்கொண்டு மச்சாளிடம் ஓடினாள்.