கேட்டதற்கு நன்றி, இரண்டு நட்சத்திரம்

லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில், ஆள் வைத்து ஓட்டும் பழைய லிஃப்டில், பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தவர். நாளெல்லாம் ஜனங்களோடுதான் இருந்தார். ஆனால் எந்த மாடி என்று அவர் கேட்பார், அவர்கள் சொல்வார்கள், அத்தோடு சரி. அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. இது ஒரு குறையாகவே அவர் மனசில் கிடந்தது. வெளியே சொல்லவில்லை, ஏனென்றால் அதையும் யாரும் கேட்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமாகி அடுத்த தெருவில் இருந்த ஒரே மகள், பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு பேக்கரி வைக்கக் கிளம்பினாள். சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று மாமியாரைக் கேட்டாள். கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தோழிகளைக் கேட்டாள். பன்னில் இனிப்பு சரியா என்று தபால் கொடுக்க வந்தவரைக்கூட நிறுத்திக் கேட்டாள். அப்பாவிடம் மட்டும் ஏணியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டார். கடையைப் பற்றி மகள் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதுதான் அப்போது அவருக்கு இருந்த ஒரே ஆசை. கேட்டால் சொல்லுவதற்கு ஒரு மூட்டை வைத்திருந்தார்.

ஓய்வு பெற்றதும் காலையில் குளித்துத் தலைவாரிக்கொண்டு நேராக பேக்கரிக்குப் போய்விடுவார். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார். அதோடு நின்றால் பரவாயில்லை, பழக்க தோஷத்தில் உள்ளே வந்தவர்களிடம் "எத்தனாவது?" என்றும் கேட்டு வைப்பார். கேக் வாங்க வந்தவர்கள் விழித்தார்கள். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அப்பாவை எப்படிக் கடைக்கு வராமல் வைப்பது என்று யோசித்து, கடைசியில் ஒரு புது போனை வாங்கி அவர் கையில் திணித்தாள். பாசம்தான். ஆனால் பாசம் மட்டும் இல்லை.

உட்காரவைத்துச் சொல்லியும் கொடுத்தாள். மழை வருமா என்று பார்ப்பது, பஸ் எத்தனை மணிக்கு என்று பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, வழி தெரியாத இடத்துக்கு வழி கேட்பது. அவசரத்தில் கணக்கு தொடங்கும்போது பெயர் என்ற இடத்தில் 'அப்பா' என்று தட்டிவிட்டாள். படத்துக்கு எதை வைப்பது என்று தெரியாமல் அவர் எதையோ அமுக்க, மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் பதிவாகி அதுவே அவர் முகமாகிவிட்டது. கடைக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பும்போதே கடைசிப் பாடத்தைச் சொன்னாள்.

"அது ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கும்ப்பா. பயப்படாம பதில் சொல்லுங்க. நம்பர் கேட்டா மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க."

லிஃப்ட்காரர் மாதிரி ஒரு மாணவர் கிடைக்க மாட்டார். மறுநாள் மகளே போன் செய்து, ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுங்கள் என்றபோது, சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார். கரண்ட் பில் கட்டுகிற அன்று இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார், என்ன இருந்தாலும் ஆபீஸ் வேலை அல்லவா. மழை இல்லை என்று போன் சொன்ன ஒரு நாள், கொட்டுகிற மழையை ஜன்னல் வழியாகச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் முடிவெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஒரு சாயங்காலம் நடந்தது. போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். இன்ன சலூனுக்குப் போய்வந்தீர்களே, எப்படி இருந்தது என்று கேட்டிருந்தது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கே போய்வந்தார் என்பதைக் கவனித்து, எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்கிறார்! எங்கோ ஓர் ஆபீசில் மரியாதை தெரிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்து தன் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்றே அவருக்குத் தோன்றியது. காக்கவைப்பது முறையல்ல. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார்.

'வணக்கம். கேட்டதற்கு நன்றி. முடி நன்றாக வெட்டுகிறார். ஆனால் அரசியல் பேசும்போது கத்தி என் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் எல்லாக் கட்சிக்கும் ஆமாம் போட வேண்டியிருக்கிறது. மூன்று நட்சத்திரம். பேசாத நாளில் நான்கு.'

அன்றிலிருந்து அவருக்கு ஓய்வே இல்லை. போன் கேட்கக் கேட்கச் சொன்னார். பல் டாக்டர்: 'வலிக்காது என்றார். வலித்தது. மற்றபடி நல்ல மனிதர்.' வங்கி: 'ஃபேன் இருக்கும் இடத்தில் நாற்காலி இல்லை. நாற்காலி இருக்கும் இடத்தில் ஃபேன் இல்லை.' பழைய சிநேகிதர் ஒருவரை வழியனுப்பப் போய்வந்தபோது இடுகாட்டைப் பற்றியும் போன் கேட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அமைதியான இடம். அங்கேயே தங்கிவிட்டவர்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்து நட்சத்திரம்' என்று எழுதினார்.

இதெல்லாம் அந்த ஆபீஸ்காரருக்கும் தனக்கும் மட்டும் நடக்கிற பேச்சு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரே படித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

முதலில் விஷயம் எட்டியது அவர் மனைவிக்குத்தான். கணவர் சலூனில் மறந்துவிட்டு வந்த குடையை வாங்கப் போன இடத்தில், முடிதிருத்துபவர் போனை நீட்டிப் புலம்பினார். யாரோ 'அப்பா'வாம், முகத்துக்குப் பதில் ஃபேனை வைத்திருக்கிறானாம், தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறானாம். 'கேட்டதற்கு நன்றி' என்ற இடத்தைக் கேட்டதுமே அந்த அம்மாளுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அந்த ஃபேனையும் தெரிந்தது, அதைத் துடைக்கிறவர் அவர்தானே. ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், யாரோ வேலைவெட்டி இல்லாதவன் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குடையோடு வந்துவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல வேடிக்கை கிடைத்திருக்கிறது, அதை அவசரப்பட்டுக் கெடுப்பானேன்?

யார் அந்த அப்பா என்று தெரியாததால், தெருவில் நரைத்த தலை எதைக் கண்டாலும் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பிள்ளைகுட்டி இல்லாத கிழவர்களுக்குக்கூட ராஜ உபசாரம் நடந்தது. முடிதிருத்துபவர் வாயே திறப்பதில்லை. பல் டாக்டர், இப்போது வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தார். வங்கியில் நாற்காலிகள் ஃபேனுக்குக் கீழே வந்தன. மனைவியும் சும்மா இருக்கவில்லை. காய்கறிக் கடையில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், "ஏங்க, அந்தப் போனைக் கொஞ்சம் எடுங்களேன்" என்பார். தராசு நிமிர்ந்துவிடும். உலகம் எவ்வளவு திருந்திவிட்டது என்று லிஃப்ட்காரர் வியந்து, எல்லோருக்கும் நட்சத்திரங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் ரொட்டி வாங்குகிற சாக்கில் மகள் கடைக்குப் போனார். ரொட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்ததும் போன் டிங் என்றது. பேக்கரி எப்படி இருந்தது?

அவர் உடனே பதில் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார், நிமிர்த்தி வைத்தார். மகளைப் பற்றி வெளியாளிடம் சொல்லலாமா? ஆனால் கேட்பது யார், இத்தனை நாளாகத் தன்னை மதித்துக் கேட்கிற மனிதர். அவரிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் எழுதினார்.

'வணக்கம். கேட்டதற்கு நன்றி. இது என் மகள் கடை. பன் காலையில் பஞ்சு, மாலையில் கல். நேற்றைய கேக்கை இன்று முன்வரிசையில் வைக்கிறாள். வருகிறவர்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கெட்டிக்காரிதான், ஆனால் சின்ன வயதிலிருந்தே அவளிடம் யாரும் குறை சொல்லக்கூடாது. இரண்டு நட்சத்திரம்.'

மகளுக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், கேக் வாங்க வந்த ஒரு பெண், இது இன்றைக்குச் செய்ததா நேற்றுச் செய்ததா என்று கேட்டாள். ஏன் கேட்கிறீர்கள் என்றதற்குப் போனைத் திருப்பிக் காட்டினாள். 'அப்பா' என்ற பெயரைத் தன் கையாலேயே தட்டியவளுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

வழக்கமாகக் கடையைச் சாத்திவிட்டுப் பெற்றோரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள், வருவதை நிறுத்தினாள். போன் செய்தால் எடுப்பதில்லை. லிஃப்ட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பொறுக்க முடியாமல் மறுபடியும் ரொட்டி வாங்கப் போனார். அவள் ரொட்டியைப் பொட்டலம் கட்டி மேசைமேல் வைத்து, அவர் முகத்தை நேராகப் பார்த்து, "வேற என்ன சார் வேணும்?" என்றாள்.

சார். லிஃப்டில்கூட யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை, அதற்காக ஏங்கிய நாட்களும் உண்டு. இப்போது அந்த ஒரு சொல் அவரை அறைந்தது. ரொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அழுகை வந்துவிடும் போலிருந்ததால் டிவியைச் சத்தமாக வைத்தார். அன்றைக்கும் போன் கேட்டது. முதல் தடவையாக அவர் பதில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளாகவே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"ஊர் உலகத்துக்கே சொன்னீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

ஊர் உலகம் என்றால் என்ன என்று அவர் கேட்டார். அவள் விளக்கினாள். போன் வைத்திருக்கிற எவரும் இதைப் படிக்கலாம், படிக்கிறார்கள், பேக்கரியைத் தேடினால் முதலில் வருவதே அவர் எழுதியதுதான். லிஃப்ட்காரர் ஆடிப்போனார். கத்தி, பல், வங்கி, இடுகாடு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து முகம் வெளிறியது. அந்த மரியாதையான ஆபீஸ்காரர் என்று ஒருவர் இல்லவே இல்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீ கேக்கலையேம்மா," என்றார் மெதுவாக. "அது கேட்டுச்சு."

அவர் அசடு வழிய மனைவி பக்கம் திரும்பி, இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றார் அந்த அம்மாள். பின்னே ஏன் சொல்லவில்லை?

"நீங்க மட்டும் என்னை என்னைக்கு என்ன கேட்டீங்க?"

லிஃப்ட்காரர் அவசரமாக மகள் பக்கம் திரும்பினார். எழுதியதையெல்லாம் எப்படி அழிப்பது என்று சொல்லு, இப்போதே அழித்துவிடுகிறேன் என்று போனை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, எதை அழிப்பது என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இடுகாட்டுக்கு வந்தபோது அவளையும் மீறிச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். எதையும் அழிக்காமல் போனை அலமாரி மேல் வைத்துவிட்டு, நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, இப்ப நான் கேக்கறேன். கடை எப்படிப்பா இருக்கு?"

எத்தனை நாள் ஆசை! மூட்டையை அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் போனுக்கு முகம் இல்லை, மகளுக்கு இருந்தது. அந்த முகம் பயந்துபோயிருந்தது, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பெண் மாதிரி.

"நல்லா இருக்கும்மா," என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. ரெண்டு ஸ்டார் குடுத்த ஆள் பேசுகிற பேச்சா இது என்று மகள் விடவில்லை. கடை நாலு மாசமாகத் தள்ளாடுகிறது என்றும், வருகிறவர்கள் ஏன் மறுபடி வருவதில்லை என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது என்றும், கேட்டவர்கள் எல்லோரும் அருமை அருமை என்றே சொல்லித் தொலைத்தார்கள் என்றும் கொட்டினாள். சொன்னால்தான் ஆச்சு என்றாள்.

அவர் நெளிந்தார். கையைப் பிசைந்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ கொஞ்சம் வாசப்பக்கம் திரும்பி உக்காரேன்," என்றார்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியோடு திரும்பி, லிஃப்டுக்குள் நிற்கிறவர்கள் மாதிரி, மூடியிருந்த கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கேக்கைச் சொன்னார். பன்னைச் சொன்னார், மாவைப் போதுமான நேரம் ஊறவிடாமல் அடுப்பில் தள்ளுகிறாள் என்று தனக்குத் தோன்றுவதையும் சொன்னார். அவள் முதுகு ஒவ்வொன்றுக்கும் விறைத்தது, அசையவில்லை. அப்புறம் சுவருக்கு வந்தார். அந்த வண்ணத்தில் மனிதனுக்குப் பசியே எடுக்காது என்றார்.

அது மாமியார் தேர்ந்தெடுத்த வண்ணம். சண்டைக்கு நிற்கிற முகத்தோடு அவள் சட்டென்று திரும்பிவிட்டாள். நேருக்கு நேராகப் பார்த்தாள். லிஃப்ட்காரர் நிறுத்தவில்லை.