வாய் கோணிய நட்டு

நட்டு டப்பாவை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் நட்டக்கா பேச ஆரம்பிப்பாள். எதிரே நிற்பவர் கதவு செய்பவரோ, பம்ப் பழுது பார்ப்பவரோ, முதல் கேள்வி ஒன்றுதான். "எங்க போடப் போறீங்க?" அவர் பதிலை முடிப்பதற்குள் அடுத்த சரம் வந்து விழும்: "சூடு படுமா, ஆடுமா, நனையுமா, திரும்பக் கழட்டணுமா?" அவசரமாக வந்த ஒரு வெல்டர் அலுத்துக்கொண்டார். "டாக்டர்கூட இவ்வளவு கேக்க மாட்டாரும்மா." "டாக்டர்கிட்ட உங்க வயிறே சத்தம் போட்டுச் சொல்லிடும். நட்டு சொல்லுமா?" என்றாள் நட்டக்கா. கை டப்பாவை விட்டு நகரவில்லை.

அதைக் கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும். இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே யாரோ மறந்துவிட்டுப் போன சந்து. அதற்கு ஒரு கூரை, ஒரு கதவு. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து கூரைவரை இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே என்ன இருக்கிறதோ அதில் ஒன்றைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பாள். கையால் திருக இரண்டு காது வைத்த நட்டு, குளிருக்குப் பயந்ததுபோல் தொப்பி போட்ட நட்டு, அகலப் பாவாடை கட்டிய நட்டு, ஊசி செருகிப் பூட்டுவதற்காகத் தலையைக் கோட்டைச் சுவர்போல வெட்டிவிட்ட நட்டு. காற்றடித்தால் அத்தனையும் சேர்ந்து கலகலவென்று வம்பு பேசும்.

ஒருமுறை பூமி லேசாக ஆடியபோது தெருவே வெளியே ஓடி வந்ததாம். இவள் மட்டும் உள்ளே ஓடினாளாம். இழுப்பறைச் சட்டத்தின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, வாசலில் வந்து நின்று, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நம்ம பக்கம் எல்லாம் டைட்டாத்தான் இருக்கு. லூசா இருக்கறது பூமிதான்" என்றாளாம். நம்பாதவர்கள் இன்றைக்கும் போய் அந்தச் சட்டத்தை ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டியவர் ஆடுவார், சட்டம் ஆடாது.

யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்காமல் உட்கார மாட்டாள். சில வீடுகளில் இவள் வருகிறாள் என்றாலே பாயை விரித்துவிடுவார்கள். ஜோடிப் பொருத்தம் பார்ப்பதிலும் அவளை மிஞ்ச ஆள் இல்லை, போல்ட்டுக்கும் நட்டுக்கும்தான். "போல்ட்டு தலையில எட்டுன்னு போட்டிருந்தா நட்டு மேலயும் எட்டு இருக்கணும். பயில்வானுக்குச் சோப்ளாங்கியக் கட்டி வெச்சா, இறுக்கும்போது மரை உரிஞ்சு கையோட வந்துடும்." இதைச் சொல்லும்போது ஓரக்கண்ணால் கணவனைப் பார்ப்பாள். நாத்தனாரின் ரொட்டிக்கடை வேனை ஓட்டும் அந்த மனிதர், பயில்வான் யார், சோப்ளாங்கி யார் என்று இதுவரை கேட்டதில்லை.

தன் கையால் எடுத்துக் கொடுத்த நட்டு ஒன்றுகூடக் கழன்றதில்லை என்பது அவளுக்குப் பெருமை. பெருமை என்றால் அடக்கி வைத்த பெருமை அல்ல. தெருமுனைவரை கேட்கும் பெருமை. "என் நட்டு கழண்டுதுன்னு ஒருத்தர் வந்து சொல்லட்டும், அன்னிக்கே கடையப் பூட்டி சாவிய அவர் கையில குடுத்துடறேன்." அந்தத் தெருவில் அவளிடம் நட்டு வாங்காத ஒரே ஆள் நாத்தனார்தான். "இத்தனூண்டு இரும்புக்கு இத்தனை வாயா?" என்பது அவர் கருத்து.

அந்த நாத்தனாரே ஒருநாள் சந்துக்குள் வந்து நின்றார். பக்கத்து ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு மாலை ரொட்டி கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. முதல் நாளே தாமதமானால் அடுத்த நாள் வேறு கடைக்குப் போய்விடும் வேலை. அதற்காக ஆள் உயரத்துக்கு ஒரு பழைய அடுப்பை வாங்கியிருந்தார். அடுப்பின் பின்னால் சூட்டுக் காற்றைச் சுழற்றும் விசிறி. அதைத் தாங்கும் நட்டுகள் துருப்பிடித்திருந்தன.

"நல்லதா நாலு குடும்மா."

"சூட்டுக்குள்ளயா அண்ணி? ஆடுமா?"

"விசிறி ஆடாம பின்ன தூங்குமா?"

நட்டக்கா மேல்வரிசை இழுப்பறையிலிருந்து நான்கை எடுத்து வைத்தாள். நாத்தனார் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேல்வாய் வட்டமாக இல்லை; யாரோ பல்லால் கடித்துத் துப்பியதுபோல் இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது. அடுத்ததும் அப்படியே. நான்கும் அப்படியே.

"ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துக் குடுப்ப. சொந்தக்காரிக்கு மட்டும் கழிசலா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் நட்டக்கா அரைமணி நேரம் வகுப்பெடுத்திருப்பாள். கழிசல் என்ற சொல் அவள் வாயைப் பூட்டிவிட்டது. தன் இழுப்பறையில் கழிசலா! "வேணும்னா எடுத்துக்கோங்க, வேணாம்னா விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாத்தனார் நான்கையும் மேசைமேலேயே போட்டுவிட்டு எதிர்ச்சாரிக் கடைக்குப் போய், வாயில் நீல நைலான் வளையம் பதித்த, பளபளவென்ற நட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். அவை எங்கே போய் உட்காரப் போகின்றன என்று நட்டக்காவுக்குத் தெரியும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்க வந்தவர்கள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள்.

சூடு ஏற்றாமல் ஓட்டிப் பார்த்தபோது விசிறி பூனைக்குட்டி மாதிரி உறுமியதாம். ஆஸ்பத்திரிக்கு முதல் ரொட்டி போகவேண்டிய மத்தியானம், அடுப்பு முழுச் சூட்டைப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து கட கட, தட தட. கணவர் வேனைச் சந்து வாசலில் நிறுத்தி, இறங்காமலே கத்தினார்.

"அக்கா கடையில அடுப்பு டான்ஸ் ஆடுது!"

"அவங்க கூப்பிட்டாங்களா?"

"கூப்பிடலை. ஆனா மாவு பொங்கி வழியுது. நீ வரலைன்னா அங்க ரொட்டி போச்சு, வந்து சண்டை போட்டா இங்க எனக்குச் சோறு போச்சு. ஏறு தாயே!"

கடையை மூடுவதைப் பற்றிக்கூட யோசிக்காமல் ஸ்பேனரையும் அதே நான்கு நட்டுகளையும் அள்ளிக்கொண்டு ஏறினாள். கழன்று நாலு பேர் சாப்பாட்டைக் கெடுக்கப் போவது எதிர்ச்சாரி நட்டுதான், தன் நட்டு இல்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சரியாக இறுக்கப்படாமல் ஆடிக்கொண்டே வந்தது.

ரொட்டிக்கடையில் தட்டுத்தட்டாக மாவு உப்பி நின்றது. இனியும் காத்திருந்தால் புளித்துச் சரிந்துவிடும். நாத்தனார் நகர்ந்து வழிவிட்டார். அடுப்பை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, கனத்த கையுறையோடு உள்ளே கைவிட்டாள் நட்டக்கா. நீல வளையங்கள் மெழுகாக உருகி வழிந்திருந்தன. ஸ்பேனரே தேவைப்படவில்லை, நட்டுகள் விரலோடு சுழன்று வந்தன. தான் கொண்டுவந்த நட்டைப் போல்ட்டில் ஏற்றினாள். இரண்டு சுற்று ஓடிவிட்டு அது நின்றுவிட்டது.

"பாரு, போக மாட்டேங்குது. கோணல்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

"முரண்டு புடிக்கறதுதான் அண்ணி இதோட வேலை. வேணும்னேதான் வாய நசுக்கியிருக்காங்க. போல்ட்டு அதுக்குள்ள நுழைஞ்சதும் கவ்விக்கும். ஆடினாலும் விடாது. அந்த நீலத்துலயும் கவ்வறதுக்குத்தான் வளையம். நல்ல நட்டுதான் அது, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கவ்வறது பிளாஸ்டிக்கு. உங்க அடுப்புல உருகிடும். இது இரும்பே இரும்பைக் கடிக்கறது."

ஸ்பேனரைப் போட்டு முழு உடம்பையும் சாய்த்து இழுத்தாள். நட்டு முனகிக்கொண்டே ஏறியது. அதன் தலைக்கு மேல் போல்ட்டின் மரை இரண்டு சுற்று வெளியே எட்டிப் பார்க்கும்வரை விடவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலையறதுக்கென்ன?"

"கழிசல்னீங்களே."

"சொன்னேன்."

"சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பீங்களாக்கும்?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் நீ சொல்லியிருக்கணும்."

நட்டக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் தலையாட்டுவதை அந்தக் குடும்பம் முதல்முறையாகப் பார்த்தது. கணவர் அந்த அதிசயத்தை ரசித்த சிரிப்பை மறைக்க முகத்தை மாவு மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் குனிந்து மற்ற மூன்றையும் இறுக்கினாள். விசிறி ஓடியது. சூடு ஏறியது. மூன்று பேரும் பேச்சை விட்டுவிட்டு அடுப்பின் பின்பக்கத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். சூடு முழுதாக ஏறிய பிறகும் கேட்டார்கள். காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. நாத்தனார் முதல் தட்டை உள்ளே தள்ளினார்.

பொன்னிறமாக வெளியே வந்த ரொட்டிகளை அடுக்கிக்கொண்டு வேன் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. வெயில் இன்னும் தாழவில்லை. நட்டக்கா கையுறையைக் கழற்றினாள். கையுறை என்று பெயர்தான். விரல் இடுக்கெல்லாம் கரியும் மசகும். கழுவத் தொட்டியைத் தேடித் திரும்பியவளின் மணிக்கட்டை நாத்தனார் பிடித்து நிறுத்தினார். காலையில்தான் கட்டியிருந்த, ஒரு துளி அழுக்கும் படாத தன் வெள்ளை ஏப்ரனின் நுனியை எடுத்து, கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைத்தார். வெள்ளைத் துணியில் கறுப்புக் கறுப்பாகத் தடம் விழுந்தது. சுண்டுவிரலும் முடிந்தது. நட்டக்கா தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மறு கையையும் நீட்டினாள்.